கடற்கரை விடுதியில் உணவுப் பதிவர் மாநாடு: பினாங்கு பத்து பெரிங்கிக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

உணவுப் பதிவர் மாநாடு ஒன்றுக்காக முதல்முறை மலேசியாவின் பினாங்குத் தீவில், பத்து பெரிங்கி என்னும் கடற்கரைப் பகுதிக்குப் போனபோது, மூன்று பகலும் மூன்று இரவும் நான் விடுதியின் வாசலைத் தாண்டவில்லை. காலையில் அமர்வுகள், நண்பகலில் புஃபே, மாலையில் கடலோர விருந்து என்று நேரம் ஓடிவிட்டது. ஊர் திரும்பி எழுத உட்கார்ந்தால், கேமராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. எழுத ஒரு பத்திகூட இல்லை. அந்தப் படங்களை எந்த நாட்டு விடுதியிலும் எடுத்திருக்க முடியும். அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில், சூலியா தெருவில், எங்கள் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது என்பதே திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் முறை போனபோது பயணத்தையே தலைகீழாகத் திட்டமிட்டேன். விடுதிக்கு வெளியே செலவிடும் நேரத்தை முதலில் ஒதுக்கினேன். மாநாட்டை அதைச் சுற்றி அமைத்துக்கொண்டேன். இந்த வழிகாட்டி அந்த இரண்டாம் பயணத்திலிருந்து எழுதுவது. பத்து பெரிங்கியை மனத்தில் வைத்து எழுதினாலும், கோவாவுக்கோ பாலிக்கோ இப்படி ஒரு மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: போகலாமா, வேண்டாமா?

அழைப்பிதழில் உள்ள தென்னைமரப் படத்தை மூடிவிட்டுப் பேச்சாளர் பட்டியலைப் பாருங்கள். அதில் இரண்டு பேரிடமாவது கேட்பதற்கு உங்களிடம் குறிப்பான கேள்வி இருக்கிறதா? இருந்தால் போகலாம். இல்லையென்றால் அதே பணத்தில் பினாங்குக்குச் சுற்றுலாவாகப் போய் ஒரு வாரம் சாப்பிட்டு வருவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கணக்கு. பதிவுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விமானக் கட்டணம், அறை வாடகை, விமான நிலையத்திலிருந்து போகவர ஆகும் செலவு, வெளியே சாப்பிடும் செலவு, மாநாட்டுக்கு முன்போ பின்போ கூடுதலாகத் தங்கும் இரண்டு நாள் ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். மலேசியாவில் வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. 2017 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பினாங்கு மாநிலம் ஓர் இரவுக்குச் சில ரிங்கிட் உள்ளூர்க் கட்டணமும் வாங்குகிறது. இவை பெரும்பாலும் இணையத்தில் காட்டும் வாடகையில் சேர்ந்திருக்காது. விடுதியின் வரவேற்பு மேசையில்தான் கேட்பார்கள். இன்னொரு பதிவருடன் அறையைப் பகிர்ந்துகொண்டால் அறை வாடகை பாதியாகும். இந்த வரிகள் அறைக்குத்தான், ஆளுக்கு இல்லை என்பதால் அதிலும் பாதி மிச்சம்.

பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளர்களிடம் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். எந்தெந்த வேளை உணவு கட்டணத்தில் அடங்கும்? அதே விடுதியில்தான் தங்க வேண்டுமா? வர முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? அமர்வுகளின் ஒளிப்பதிவு பிறகு கிடைக்குமா? கடைசிக் கேள்வியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒளிப்பதிவு கிடைக்கும் என்றால் சில அமர்வுகளை விட்டுவிட்டு ஊருக்குள் போகலாம்.

மாதத்தையும் பாருங்கள். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரி வறண்டிருக்கும். மழைக்காலத்தில் அறை வாடகை குறைவாக இருக்கும். மழைக்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டியதில்லை, குடையும் ஒரு கூடுதல் நாளும் இருந்தால் போதும். டுரியான் பழம் சாப்பிட ஆசை என்றால் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை.

இரண்டாம் படி: பயணச் சீட்டும் தாள்களும்

2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. திருச்சி, மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய் அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிப்பது வசதி. எதுவானாலும் மாநாடு தொடங்குவதற்கு முந்தைய நாள் காலையிலேயே இறங்கிவிடும்படி பதிவு செய்யுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம். இது காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படும் சலுகை. ஆகவே டிக்கெட் எடுக்கும் அன்று நடப்பில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டுக்கு இன்னும் ஆறு மாதம் ஆயுள் இருக்க வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் மின்வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். நீங்கள் பார்வையாளராக அல்லாமல் பணம் பெற்றுக்கொண்டு பேசப் போகிறீர்கள் என்றால், அதற்கு எந்த அனுமதி தேவை என்று ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுற்றுலா நுழைவில் போய் ஊதியத்துக்கு வேலை செய்வது சிக்கலில் முடியும்.

மூன்றாம் படி: போவதற்கு முன் வீட்டுப்பாடம்

முதல் பயணத்தில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான். ஓர் ஊரின் சாப்பாட்டை அறியாமல் அந்த ஊருக்குப் போனால் கண்ணுக்கு முன்னால் இருப்பதும் தெரியாது. பினாங்கில் தமிழர்களுக்கு இந்தப் பாடம் எளிது. பாதிப் பாடம் நம் வீட்டிலேயே இருக்கிறது.

நாசி கண்டாரிலிருந்து தொடங்குங்கள். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் காவுதடி. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் குழம்புப் பானையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. இன்று அது பினாங்கின் அடையாளம். கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியா உணவகம் 1907 முதல் நடக்கிறது. சோற்றின் மேல் ஒரே குழம்பை ஊற்றமாட்டார்கள்; மீன், கோழி, ஆட்டுக் குழம்புகளைக் கலந்து ஊற்றுவார்கள். அதற்கு ‘குவா சம்பூர்’ என்று பெயர். தட்டு மூழ்கும்படி வேண்டும் என்றால் ‘பஞ்சிர்’ என்று சொல்ல வேண்டும். மலாயில் வெள்ளம் என்று பொருள். நம் வீட்டில் மீன்குழம்பில் ஆட்டுக் குழம்பைக் கலந்தால் பாட்டி அடிக்க வருவார். அங்கே அந்தக் கலப்பில்தான் சுவை இருக்கிறது.

புட்டு மாயாம் என்று மலாய்க்காரர்கள் சொல்வது நம் இடியாப்பம். தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வைத்துத் தருவார்கள். அப்போம் என்றால் ஆப்பம். கடை என்ற சொல்லே மலாயில் கெடாய் ஆகியிருக்கிறது. கப்பல் அங்கே காப்பால். தமிழ் முஸ்லிம் உணவுக்கடைகளை ‘மாமாக்’ என்கிறார்கள். அது நம் ‘மாமா’தான். நம் பரோட்டாவைப் போன்ற ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் எல்லாம் இந்தக் கடைகளில் கிடைக்கும். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு, ரொட்டி சானாய், தே தாரிக் அடங்கிய மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பிறகு நமக்குப் பழக்கமில்லாதவற்றைப் படியுங்கள். அசாம் லக்சா பினாங்கின் உயிர். கானாங்கெளுத்தி மீனைக் கரைத்து, புளியும் அசாம் கெலுகோரும் சேர்த்துக் கொதிக்கவைத்த புளிப்புக் குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ். அசாம் கெலுகோர் நம் குடம்புளியின் உறவு மரம். மேலே தீப்பந்தம் போன்ற ஓர் இஞ்சிப் பூவின் மொட்டை நறுக்கித் தூவுவார்கள். பக்கத்தில் கரிய இறால் விழுது ஒரு கரண்டி. புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு இது முதல் வாயிலேயே புரியும். ஆனால் அந்தப் பூவின் மணம் நம் சமையலில் எங்கேயும் இல்லாதது. அதை விவரிக்கச் சொல் தேடுவதற்காகவே நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். ஜாதிக்காயையும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் பெரும்பாலும் கொட்டையைத்தான் உரசிப் பயன்படுத்துகிறோம். பினாங்கில் அதன் பழச் சதையைப் பிழிந்து சாறாகக் குடிக்கிறார்கள், ஊறவைத்துத் தின்கிறார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘யாரிடம் என்ன கேட்பேன்’ என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பெட்டி கட்டுதல்

மலேசியாவில் மூன்று சதுர முனை கொண்ட பிரிட்டிஷ் வகை மின்செருகி. நம் உருண்டை முனை நுழையாது. மாற்றுச் செருகியும், பல துளை கொண்ட நீட்டிப்பு ஒன்றும் கொண்டுபோனால் அமர்வு அரங்கில் உங்களைச் சுற்றி நண்பர்கள் சேர்வார்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்த உடனே வில்லையில் பனி படியும். துடைத்தால் தடம் விழும். பையை மூடியபடியே பால்கனியில் இருபது முப்பது நிமிடம் வைத்த பின் திறங்கள். பைக்குள் சிலிக்கா பொட்டலங்கள் நான்கைந்து போட்டு வையுங்கள். கடற்கரை மணலும் உப்புக்காற்றும் இருக்கும் இடத்தில் வில்லை மாற்றாதீர்கள்.

பருத்தி உடை போதும். ஆனால் மாநாட்டு அரங்குகள் கடுங்குளிராக இருக்கும். ஒரு சால்வை கட்டாயம். அறிமுக அட்டையில் உங்கள் வலைப்பதிவின் பெயரைத் தமிழிலும் அச்சிடுங்கள். தமிழ் எழுத்தைப் பார்த்து யாராவது கேள்வி கேட்பார்கள். உரையாடல் அங்கிருந்து தொடங்கும். வீட்டில் இடித்த பருப்புப்பொடி அல்லது எள்ளுப்பொடி சிறு பொட்டலங்களாகக் கட்டி, நன்றாக மூடிக் கொண்டுபோங்கள். அட்டையைத் தொலைத்துவிட்டவர்கள்கூட அந்தப் பொடியைத் தந்தவரை நினைவில் வைத்திருந்து எழுதினார்கள்.

ஐந்தாம் படி: விடுதியில் முதல் நாள்

விமான நிலையம் தீவின் தென்கிழக்கில். பத்து பெரிங்கி வடக்குக் கரையில். கிராப் என்னும் வாடகை வண்டிச் செயலியில் வண்டி பிடித்தால் போக்குவரத்தைப் பொறுத்து ஒரு மணி நேரம் ஆகலாம். கடைசிப் பகுதி மலையோரம் வளைந்து வளைந்து செல்லும் சாலை. தலைசுற்றல் உள்ளவர்கள் முன்னிருக்கையில் உட்காருங்கள்.

பத்து என்றால் கல். பெரிங்கி என்றால் வெளிநாட்டான். நம் பரங்கியேதான், பரங்கிக்காயில் இருக்கும் அதே பரங்கி. இதை முதல் நாள் இரவு விருந்தில் சொன்னேன். என் மேசையில் இருந்த ஆறு பேரும் அவரவர் மொழியில் பரங்கிக்காய்க்கு என்ன பெயர் என்று சொல்லத் தொடங்கினார்கள். விருந்து முடியும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். அங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கும். மறைவதும் ஏழு மணிக்கு மேல். அங்கேயும் ஐந்தரைக்கே எழுந்தால் விடிவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் கையில் கிடைக்கும். நான் அந்த நேரத்தில்தான் எழுதினேன்.

கடலில் இறங்குவதற்கு முன் கொடியைப் பாருங்கள். விடுதிக் காவலரிடம் ஜெல்லி மீன் இருக்கிறதா என்று கேளுங்கள். பினாங்குக் கரையில் கொடிய நச்சுள்ள பெட்டி ஜெல்லி மீன் வருவதுண்டு. பட்டால் தேய்க்காமல் வினிகர் ஊற்றி, உடனே மருத்துவ உதவி தேடுங்கள். அறைக்குள் டுரியான் கொண்டுபோகக் கூடாது என்பது தெரிந்திருக்கும். மங்குஸ்தானையும் பல விடுதிகள் தடுக்கின்றன, அதன் தோல் கறை துணியிலிருந்து போகாது. பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் குரங்கு வரும். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

ஆறாம் படி: அமர்வுகளில் என்ன செய்வது

எல்லா அமர்வுக்கும் போக நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘உங்கள் தனித்துவத்தைக் கண்டுபிடியுங்கள்’ போன்ற பொதுவான தலைப்புகளை விட்டுவிட்டு, ஒரு குறிப்பிட்ட வேலையைக் கற்றுத்தரும் அமர்வுகளைத் தேர்ந்தெடுங்கள். செய்முறைப் பக்கத்தில் சமைக்கும் நேரம், பொருட்கள், எத்தனை பேருக்கு என்பவற்றைத் தேடுபொறி படிக்கும் வடிவில் குறிப்பது எப்படி என்ற அமர்வு எனக்கு மிகவும் பயன்பட்டது. தமிழில் எழுதும் பலர் இதைச் செய்வதில்லை. அதனால் நல்ல செய்முறைகள் தேடலில் கீழே கிடக்கின்றன.

வருமானம் பற்றிய அமர்வில் தமிழுக்கான கேள்வியைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். வலைப்பதிவில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் தமிழை ஏற்றது. ஆங்கிலப் பதிவருக்குக் கிடைக்கும் விளம்பர விலை தமிழுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே பேச்சாளர் சொல்லும் கணக்கை அப்படியே நம் பதிவுக்குப் பொருத்தாமல், ‘விளம்பரத்தை நம்பாத வருமானம் எது?’ என்று கேட்க வேண்டும். இணையவழி வகுப்பு, மின்னூல், உள்ளூர்ப் பொருள் விற்பவருடன் நேரடி ஒப்பந்தம் என்று எனக்குக் கிடைத்த பதில்கள் அந்தக் கேள்விக்கு வந்தவை.

அளவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆழாக்கு, கைப்பிடி, நெல்லிக்காயளவு புளி என்று எழுதுவது அழகு, அதை விடாதீர்கள். பக்கத்திலேயே கிராம் கணக்கையும் எழுதுங்கள். டொராண்டோவில் இருக்கும் பேத்திக்கு நெல்லிக்காயின் அளவு தெரியாது. அசாம் கெலுகோரை எப்படி அளப்பது என்று நான் ஒரு மலாய்ப் பதிவரிடம் கேட்டபோது, ‘மூன்று துண்டு, என் அம்மாவின் துண்டு’ என்றார். இருவரும் விடுதிச் சமையலறைத் தராசில் போட்டு எடை பார்த்தோம்.

இன்னொருவர் செய்முறையைப் பயன்படுத்துவது பற்றிய அமர்வு இருந்தால் தவறவிடாதீர்கள். பொருட்களின் பட்டியலுக்குப் பொதுவாகக் காப்புரிமை இல்லை. விவரித்து எழுதிய நடைக்கும் படத்துக்கும் உண்டு. உரிமை இருக்கிறதோ இல்லையோ, யாரிடம் கற்றோம் என்று பெயர் சொல்வது நம் கடமை.

ஒவ்வோர் அமர்வும் முடிந்தவுடன், எழுந்து போவதற்கு முன், மூன்று வாக்கியம் எழுதுங்கள்: நாளையே என்ன செய்வேன், யாரிடம் இன்னும் கேட்க வேண்டும், எதை நான் ஏற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தவர்களோடு சேர்ந்து உட்காராதீர்கள். ஆங்கிலம் தடுமாறுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. ‘உங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் என்ன கொடுப்பார்கள்?’ என்று கேளுங்கள். நம் ரசமும் கஞ்சியும் போல ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்று இருக்கும். இலக்கணம் பார்க்காமல் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

ஏழாம் படி: படம் எடுத்தல்

கடற்கரையில் நண்பகல் ஒளி உணவின் எதிரி. வெள்ளைத் தட்டு கண்ணைப் பறிக்கும். குழம்பின் நிறம் கருத்துப்போகும். கூரை நிழலின் விளிம்பில் உட்கார்ந்து, கடலைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு எடுங்கள். காலை எட்டு மணியும் மாலை ஆறரை மணியும் நல்ல நேரம். விடுதியின் புஃபே மேசையை ஒருமுறை எடுத்தால் போதும்.

எட்டாம் படி: வேலிக்கு வெளியே

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாப் படிகளும். குறைந்தது ஒன்றரை நாள் ஒதுக்குங்கள். மாநாட்டுக்கு முந்தைய முழு நாள் ஒன்றும், நடுவில் ஓர் அரை நாளும் சிறந்த பங்கீடு. முதலிலேயே ஊரைப் பார்த்துவிட்டால் அமர்வுகளில் கேட்பதற்குக் கேள்விகள் பிறக்கும்.

விடுதி வாசலில் 101-ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். தெலுக் பகாங்கிலிருந்து பத்து பெரிங்கி வழியாக, கொம்தார் கோபுரத்தைத் தொட்டுத் துறைமுகத்தின் படகுத்துறை வரை போகும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கொம்தாரில் இறங்கினால் பினாங்கு சாலையும் சூலியா தெருவும் நடை தூரம். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பழைய நகரம் இங்கே தொடங்குகிறது.

எங்கள் தாத்தா ரஜூலா கப்பலைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும் கப்பல் அது. அதில் வந்து இறங்கியவர்கள் நடந்த தெருக்களில் நடக்கிறோம் என்ற நினைவோடு குவீன் தெருவில் நடந்தேன். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. சற்றுத் தொலைவில் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் மசூதி. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தெருக்களில் தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே சாப்பிடலாம். சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் இடத்தருகே அந்த நாகூர் தர்கா, சின்னதாக, வெள்ளையாக.

அன்று காலை ஒரு நாசி கண்டார் கடையில் கூட்டம் குறைந்த பிறகு, கல்லாவில் இருந்த பெரியவர் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். நாகூர்ப் பக்கம் என்றேன். “நாகூரா? இங்கே தெருமுனையிலும் ஒரு நாகூர் இருக்கிறதே” என்றார். அவருடைய தந்தை கடையநல்லூரிலிருந்து வந்தவர். அடுத்த முக்கால் மணி நேரம் நான் கேமராவைத் தொடவில்லை. குழம்புக்கு மசாலா வறுக்கும் வரிசையை, எது முதலில் எது கடைசியில் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெந்தயம் எப்போது என்று கேட்டதற்கு மட்டும் சிரித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் வற்புறுத்தக் கூடாது. அவர் சொல்லாமல் விட்டதையும் அப்படியே எழுதினேன். என் பதிவுகளில் அதிகம் பேர் படித்தது அதுதான்.

கடைகளில் நடந்துகொள்ளும் முறை இது. முதலில் வாங்கிச் சாப்பிடுங்கள், பணத்தைக் கொடுங்கள், பிறகு பேசுங்கள். ‘நான் பதிவர், எழுதப்போகிறேன்’ என்று சொல்லி இலவசமாக எதையும் வாங்காதீர்கள். ஒரு கிண்ணம் லக்சாவில் அவருக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. கூட்டம் இருக்கும்போது நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். கையைப் படம் எடுப்பதானாலும் கேட்டு எடுங்கள். சீனக் காப்பிக்கடைகளில் பல தள்ளுகடைகள் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும். சாப்பாட்டைத் தள்ளுகடையில் சொல்லிவிட்டு, குடிக்க ஏதாவது காப்பிக்கடைக்காரரிடம் வாங்குவது வழக்கம். சாப்பாடு மேசைக்கு வந்தவுடன் பணம் கொடுக்க வேண்டும். அளவு சிறியதாக இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து போனால் ஒரே காலையில் நான்கைந்து வகை ருசிக்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் கடைகள் தொழுகைக்காக மூடியிருக்கும். பல நல்ல கடைகள் சரக்கு தீர்ந்ததும் மூடிவிடும், ஆகவே பிற்பகலுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காய்கறிதானே என்று நினைக்கும் பலவற்றில் பிளாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும். ‘தாக் மாவ் பிளாச்சான், தாக் மாவ் ஈக்கான்’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்: இறால் விழுது வேண்டாம், மீன் வேண்டாம். ஜார்ஜ்டவுனில் இந்தியக் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா பகுதியில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும், சீனர்களின் சைவ உணவகங்களும் இருக்கின்றன. கெங் குவீ தெருவில் 1936 முதல் விற்கும் செண்டோல் எல்லோருக்கும் ஏற்றது: தேங்காய்ப்பால், பனைவெல்லம், சிவப்புப் பயறு, பச்சை மாவு இழைகள், தூளாக்கிய பனிக்கட்டி.

நடுவில் கிடைக்கும் அரை நாளுக்கு எதிர்த்திசையில் போங்கள். தெலுக் பகாங் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டத்தில் 2003-இல் திறந்த வாசனைப் பொருள் தோட்டம் இருக்கிறது. கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் மரத்தில் எப்படி இருக்கும் என்று அங்கே பாருங்கள். இலையைக் கசக்கி முகர்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு உணவுக்கும் அங்கேயே ஆறு குறிப்பு: பெயர், விலை, முதலில் வந்த மணம், கூடச் சாப்பிடுபவர்கள் யார், எத்தனை மணிக்குத் தீரும், சமைப்பவர் சொன்ன ஒரு வாக்கியம். மணத்தை எந்தக் கேமராவும் பிடிக்காது. இரவு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் போய்விடும்.

ஒன்பதாம் படி: நிறுவனங்களோடு பேசுதல்

மாநாட்டில் மிக்சி முதல் மசாலா வரை விற்கும் நிறுவனங்கள் வருவார்கள். அங்கேயே ஒப்புக்கொள்ளாதீர்கள், ஊர் திரும்பி ஒரு வாரத்தில் பதில் சொல்வதாகச் சொல்லுங்கள். எத்தனை பதிவு, எத்தனை படம், படங்களை அவர்கள் எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள், பணம் எந்தத் தேதியில் என்பவை எழுத்தில் வர வேண்டும். ஒரு முறை வாய்ச்சொல்லை நம்பி நான் எடுத்துக்கொடுத்த படம் ஓராண்டுக்குப் பிறகு ஒரு பொட்டலத்தின் மேல் அச்சாகியிருந்தது. அதன் பிறகு கையெழுத்தில்லாமல் ஒரு படமும் தந்ததில்லை.

பணமோ பொருளோ பெற்று எழுதினால் அது விளம்பரம் என்று பதிவின் தொடக்கத்திலேயே தெரியும்படி குறிப்பிட வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் இதற்கு விதிமுறை வெளியிட்டது. இந்திய நிறுவனம் ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளோ பயணமோ உங்களுக்குத் தந்தால், 2022 ஜூலை முதல் அதில் 10 விழுக்காடு வரிப்பிடித்தம் உண்டு. இலவச அறையும் அந்தக் கணக்கில் வரலாம். உங்கள் கணக்கரிடம் சொல்லுங்கள்.

பத்தாம் படி: திரும்பிய பின்

பெட்டியில் வைத்துக் கொண்டுவர ஏற்றவை தாவ் சார் பியா என்னும் பயற்றம்பருப்புப் பூரணம் வைத்த பிஸ்கெட்டும், பதப்படுத்திய ஜாதிக்காய்ச் சதையும். செடி, விதை வேண்டாம். பிளாச்சான் வாங்கினால் மூன்று உறை போட்டுக் கட்டுங்கள்.

முதல் பதிவை ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள். மாநாட்டைப் பற்றிய பொதுவான பதிவாக அது இருக்க வேண்டாம். ஒரு கடை, ஓர் உணவு, ஒரு மனிதர் போதும். சந்தித்தவர்களில் ஐந்து பேருக்கு மட்டும், என்ன பேசினோம் என்று குறிப்பிட்டு மடல் எழுதுங்கள். ஐம்பது பேருக்கு ஒரே மடலை அனுப்பினால் ஒருவரும் பதில் எழுதமாட்டார்.

கடைக்காரர்களுக்கு இணைப்பை அனுப்பினால் பெரும்பாலும் பார்க்கமாட்டார்கள். படத்தை அச்சிட்டு, தமிழில் நான்கு வரி எழுதி, அஞ்சலில் அனுப்புங்கள். அதற்குக் கடையின் முழு முகவரி தேவை. பணம் கொடுக்கும்போதே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.